டாக்டருக்காக 11 வாரம் காத்திருப்பதா, நர்ஸ் பிராக்டிஷனரை இந்த வாரமே பார்ப்பதா?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகருக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கணவருக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அழுத்துகிறது என்று சொல்லியிருக்கிறார். வியர்வையும் கொட்டியதால் மனைவி அவசர எண் 911ஐ அழைத்துவிட்டார். மாரடைப்பு. இதயத்தின் முன்புறம் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. அன்று இரவே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதம், 35 சதவீதம் என்று குறைவாக இருந்திருக்கிறது. ஆஸ்பிரின், டிகாக்ரெலார், அட்டார்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், மெட்டோப்ரோலால், லிசினோப்ரில் ஆகியவை மாத்திரைகள்.

அடுத்து எப்போது வர வேண்டும் என்று இதயநோய் கிளினிக்கில் கேட்டபோது, "நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் அடுத்த வாரம், டாக்டர்தான் வேண்டும் என்றால் 11 வாரம் ஆகும்" என்றார்களாம். நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் மேற்படிப்பு முடித்து, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிற நர்ஸ். ஸ்டென்ட் வைத்த டாக்டரையே பார்க்க வேண்டும் என்று கணவர் 11 வாரத்துக்கு அப்புறம் வரும் தேதியை வாங்கிக்கொண்டு, மற்றதை ரத்து செய்துவிட்டார். கோவையில் இருக்கும் அவருடைய அண்ணனும் போனில், "ஹார்ட் விஷயத்துல போய் நர்ஸ்கிட்ட காட்டுவாங்களா? பேசாம இங்க கிளம்பி வா" என்று சொல்லியிருக்கிறார்.

வாசகியின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாரடைப்புக்கு இரண்டு வாரம் முன்பு நெஞ்செரிச்சல் என்று வீட்டருகே ஓர் அர்ஜென்ட் கேருக்கு (அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போய்க் காட்டும் கிளினிக்) போயிருக்கிறார்கள். அங்கே பார்த்தவரும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்தான். ஈசிஜி எடுக்காமல் அசிடிட்டி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாராம். "அதற்குப் பிறகு எந்த நம்பிக்கையில் போவது?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: வீட்டுக்கு வந்து 12 நாள் ஆகிறது, கணவருக்கு லேசாக மூச்சு வாங்குகிறது, அது டிகாக்ரெலாரின் பக்கவிளைவு என்று இணையத்தில் படித்துவிட்டு இரவு மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்பினேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம், ரத்து செய்த அப்பாயின்ட்மென்டைத் திரும்ப வாங்குங்கள், மூச்சு வாங்குகிறது என்று கிளினிக்கில் சொல்லி இந்த வாரமே வரச் சொல்கிறார்களா பாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கான காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்களைப் போலவே குழம்பி நிற்கும் வேறு குடும்பங்களும் இருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் இதயநோய் மருத்துவர். நான் வேலை செய்யும் குழுவிலும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் என் நோயாளிகளில் பாதிப் பேரை என்னால் சரியான நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே நான் முழுக்க நடுநிலையானவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மூச்சு வாங்குவதும் மாத்திரையும்

உங்கள் கணவர் படித்தது பொய்யில்லை. டிகாக்ரெலார் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு மூச்சு வாங்குவதுபோல இருக்கும். பெரும்பாலும் ஆரம்ப வாரங்களில் வரும், லேசாகத்தான் இருக்கும், சிலருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் பம்பிங் 35 சதவீதம் இருக்கிற ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அது மாத்திரையால்தான் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டக் கூடாது. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம். வேறொரு குழாயில் அடைப்பு தொல்லை தரலாம். ஸ்டென்டிலேயே பிரச்சினை இருக்கலாம். எது என்று தெரிய யாராவது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும், இதயத்தின் மேல் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று பார்க்க வேண்டும்.

புது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் சேர்ந்துதான். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதம் இரண்டையும் தருவோம். முதல் மாதத்தில் இதில் ஒன்றைத் தன்னிச்சையாக நிறுத்துவது, எனக்குத் தெரிந்து, ஸ்டென்ட் வைத்த ஒருவர் தனக்குச் செய்துகொள்ளக்கூடிய மிக ஆபத்தான காரியம். மாத்திரைதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தால், குளோபிடோக்ரல் போன்ற இன்னொன்றுக்கு முறையாக மாற்ற வழி இருக்கிறது. எப்போது மாற்றுவது, முதல் நாள் எவ்வளவு கொடுப்பது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு.

படுத்தால் மூச்சு அதிகமாக வாங்குவது, கால் வீங்குவது, ஒரே நாளில் இரண்டு மூன்று பவுண்டோ ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டோ எடை ஏறுவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கிளினிக்கைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் என்றால் கிளினிக்கையும் கூப்பிட வேண்டாம், நேராக 911தான்.

சரி, இதையெல்லாம் 11 வாரம் கழித்துப் பார்த்தால் போதுமா? போதாது. டாக்டருக்காகக் காத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று உங்கள் கணவர் நினைத்தது இங்கேதான் தவறிப்போகிறது. இதயம் பலவீனமாக இருப்பவர்களை மருத்துவமனையிலிருந்து வந்த ஏழு நாளுக்குள், தாமதித்தால் 14 நாளுக்குள், ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. லிசினோப்ரில் ஆரம்பித்தபின் ஓரிரு வாரத்தில் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் சோதிக்க வேண்டும். மெட்டோப்ரோலால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பம்பிங் குறைந்தவர்களுக்குத் தரும் இன்னும் இரண்டு வகை மாத்திரைகள் உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. அவற்றில் ஒன்று சுகருக்கும் சேர்த்து வேலை செய்யும். 2022இல் லான்செட் இதழில் வந்த ஸ்ட்ராங் எச்எஃப் என்ற ஆய்வில், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியவர்களை முதல் ஆறு வாரத்தில் அடிக்கடி வரவழைத்து மாத்திரைகளை வேகமாக முழு அளவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் மீண்டும் அதே காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களுமாக அந்தக் குழுவில் சுமார் 15 சதவீதம். வழக்கம்போல விட்ட குழுவில் சுமார் 23. உங்கள் கணவருடைய நிலைமை அச்சாக அதுவே இல்லை. ஆனாலும் இந்த முதல் வாரங்களுக்கு இருக்கிற மதிப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ன படித்திருக்கிறார்

நம் ஊரில் நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர், பிபி பார்க்கிறவர், டாக்டர் எழுதியதை நிறைவேற்றுகிறவர் என்ற படம்தான் வரும். உங்கள் கணவரின் அண்ணன் சொன்னதிலும் தப்பில்லை, அவர் பார்த்த உலகம் அது. இந்தியாவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் வெளிநோயாளி பிரிவில் தனியாக உட்கார்ந்து மருந்து எழுதும் ஒருவரை அங்கே நீங்கள் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் இந்தப் பணி 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். டாக்டர் இல்லாத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒருவர் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக, நர்சிங் பட்டம் வாங்கி, நர்ஸாக உரிமம் பெற்று, அதன்மேல் முதுகலையோ நர்சிங்கில் டாக்டர் பட்டமோ படித்து, தேசிய அளவில் தேர்வு எழுத வேண்டும். நோயைக் கண்டறியலாம், பரிசோதனைக்கு எழுதலாம், மருந்து எழுதலாம்.

ஆனால் இதுவும் டாக்டர் படிப்பும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரிக்குப் பிறகு மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு, பொது மருத்துவம் மூன்று, இதயவியல் மூன்று என்று குறைந்தது பத்து ஆண்டு கழித்துத்தான் ஒருவர் இங்கே இதய மருத்துவர் ஆகிறார். நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பில் நேரடியாக நோயாளிகளோடு இருக்கும் நேரம் நெடுங்காலமாகக் குறைந்தபட்சம் 500 மணி என்றுதான் இருந்தது. இதயத்துக்கென்று தனியாக ஒரு நீண்ட பயிற்சியும் கட்டாயமில்லை. படித்து முடித்த மறு மாதம் இதயநோய் கிளினிக்கில் சேர்ந்தவரும் இருக்கிறார். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இரவும் பகலும் நின்றுவிட்டு, அதற்கப்புறம் இதைப் படித்தவரும் இருக்கிறார். பெயர்ப் பலகையில் இருவருக்கும் ஒரே எழுத்துகள்தான். இரண்டாமவரிடம் என் சொந்த அண்ணனைத் தயங்காமல் அனுப்புவேன். முதலாமவரிடம் அனுப்பினால், பின்னால் ஒரு டாக்டர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு அனுப்புவேன்.

அர்ஜென்ட் கேரில் நடந்தது

உங்கள் கோபம் நியாயம். 54 வயது, சுகர், தெற்காசியர், நெஞ்சில் எரிச்சல். இத்தனையும் இருக்கும்போது ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளியினருக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2018ஆம் ஆண்டுக் கொழுப்பு வழிகாட்டியிலேயே இருக்கிறது. அந்த ஈசிஜியில் ஏதாவது தெரிந்திருக்குமா என்பதை மட்டும் இப்போது யாராலும் சொல்ல முடியாது. வலி இல்லாத நேரத்தில் எடுத்தால் ஒன்றும் காட்டாமலும் போகலாம்.

அந்தத் தவறுக்குக் காரணம் அவர் நர்ஸ் பிராக்டிஷனர் என்பது மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நெஞ்செரிச்சல் என்று வரும் மாரடைப்பை எம்.டி.க்களும் தவறவிட்டிருக்கிறார்கள். சளிக்கும் சுளுக்குக்கும் நடுவில் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்க்கிற இடம் அது. இதயநோயாளிகளை மட்டுமே நாள் முழுக்கப் பார்க்கிற ஒருவருடைய கண் வேறு மாதிரி பழகியிருக்கும். அங்கே நடந்ததைப் பற்றி அந்த நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், மாநில நர்சிங் வாரியத்திலும் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்து இந்த வார அப்பாயின்ட்மென்டை விடாதீர்கள்.

அப்புறம், ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க இதயவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் இதழில் 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பல மாநில இதயநோய் கிளினிக்குகளின் பதிவேட்டை எடுத்து, டாக்டர்கள் பார்த்தவர்களையும் நர்ஸ் பிராக்டிஷனர் போன்றவர்கள் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலான அளவுகோல்களில் இருவரும் ஒன்று. புகைப்பதை நிறுத்தச் சொல்வதிலும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்புவதிலும் இரண்டாவது தரப்பு மேல். இன்னொன்றும் அதில் தெரிந்தது, செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரு நோயாளிக்கு விடாமல் செய்ததில் இரண்டு தரப்புமே மோசம்! பால்டிமோரில் நடந்த கோச் என்ற ஆய்வு 2011இல் வெளியானது. ஏழை மக்கள் வரும் சுகாதார மையங்களில் நர்ஸ் பிராக்டிஷனரும் சமூக சுகாதாரப் பணியாளரும் சேர்ந்து ஒரு வருடம் கவனித்தவர்களுக்குக் கொழுப்பு, பிபி, சுகர் மூன்றும் வழக்கமான சிகிச்சையைவிட நன்றாகக் குறைந்தன. இவையெல்லாம் நிலையாக இருக்கும் வெளிநோயாளிகளைப் பற்றியவை. அவசர நிலையில் குழப்பமான நோயைக் கண்டுபிடிப்பதில் யார் மேல் என்பதற்கு இவற்றை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் வேண்டுமா

இது உங்கள் கடிதத்தில் இருக்கும் இன்னொரு எண்ணம், நம்மவர்கள் அநேகமாக எல்லோருக்கும் இருப்பதும்கூட. உயிரைக் காப்பாற்றியவர் மேல் அந்தப் பிடிப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அன்று இரவு ஆஞ்சியோ அறையில் ஸ்டென்ட் வைத்தவர் அந்த வேலைக்கென்றே பயிற்சி எடுத்தவர். அடுத்த ஒரு வருடம் பம்பிங்கை ஏற்றுவது, மாத்திரையைச் சரிபார்ப்பது, சுகரோடு சேர்த்துப் பார்ப்பது இவற்றுக்கு அதே குழுவில் இருக்கும் பொது இதய மருத்துவரோ, இதயச் செயலிழப்பில் தனிப் பயிற்சி பெற்றவரோதான் இன்னும் பொருத்தம். கிளினிக்கில் அந்த ஒரு டாக்டர் பெயரைச் சொல்லிக் கேட்டதால்தான் 11 வாரம் என்று வந்திருக்கும். "பம்பிங் குறைந்தவர், புதிதாக மூச்சு வாங்குகிறது, உங்கள் குழுவில் எந்த டாக்டர் சீக்கிரம் கிடைப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். யாராவது ரத்து செய்தால் அந்த இடத்துக்குக் கூப்பிடும் பட்டியலிலும் பெயரைக் கொடுங்கள். உங்கள் குடும்ப மருத்துவர் அந்தக் கிளினிக்குக்கு நேரடியாகப் பேசினால் தேதி இன்னும் முன்னால் வரக்கூடும்.

டெக்சாஸ் சட்டமும் நிஜமும்

நர்ஸ் பிராக்டிஷனர் எவ்வளவு தூரம் தனியாக இயங்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிசோனா, வாஷிங்டன் உட்பட பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டர் ஒப்பந்தம் இல்லாமலே கிளினிக் நடத்தலாம். டெக்சாஸில் அப்படி முடியாது. மருந்து எழுத ஒரு டாக்டரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அந்த டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்த நோயாளிகளின் குறிப்புகளில் சிலவற்றைப் பார்த்து, குறித்த இடைவெளியில் அவரோடு கலந்து பேசவும் வேண்டும்.

ஆக, உங்கள் கணவர் பார்க்கப்போகிறவருக்குப் பின்னால் சட்டப்படி ஒரு டாக்டர் உண்டு. ஆனால் சட்டம் அந்த டாக்டர் உங்கள் கணவரை நேரில் பார்க்க வேண்டும் என்றோ, அன்று அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்றோ சொல்லவில்லை. டெக்சாஸில் ஒரே டாக்டர் ஏழு பேர் வரைக்கும் இப்படி ஒப்பந்தம் போடலாம். எனவே காகிதத்தில் இருக்கும் மேற்பார்வை எந்த அளவுக்கு நிஜம் என்பதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல கிளினிக்கில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் உடனே வரும்:

- எந்தப் பிரிவில் சான்றிதழ், இதயநோயாளிகளை எத்தனை வருடமாகப் பார்க்கிறார்? குடும்ப மருத்துவப் பிரிவில் படித்தவரா, பெரியவர்களின் தீவிர நோய்ப் பிரிவில் படித்தவரா? முன்பு எந்த வார்டில் நர்ஸாக இருந்தார்?
- அவரோடு இருக்கும் இதய மருத்துவர் யார், அவர் இந்தக் கிளினிக்கில் என்றைக்கெல்லாம் இருப்பார்?
- ஈசிஜியிலோ எக்கோவிலோ சந்தேகம் வந்தால் டாக்டர் அன்றைக்கே பார்ப்பாரா?
- டாக்டரை நேரில் பார்ப்பது எப்போது? வருடத்துக்கு ஒரு முறையாவது உண்டா?

உரிமம் இருக்கிறதா, எந்தப் பிரிவு, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதை டெக்சாஸ் நர்சிங் வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டே பார்த்துவிடலாம், காசு கிடையாது. சிலர் நர்சிங்கில் டாக்டர் பட்டம் வாங்கியிருப்பார்கள், அதனால் தங்களை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் "நீங்கள் மருத்துவரா, நர்ஸ் பிராக்டிஷனரா?" என்று நேராகக் கேளுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சந்திப்பு முடிந்ததும் அவர் எழுதிய குறிப்பு கிளினிக்கின் இணையப் போர்ட்டலில் வந்துவிடும். அதைப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டரோடு பேசியதாக அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்டரைத்தான் பார்க்க வேண்டிய இடங்கள்

மாத்திரை அளவு, ரத்தப் பரிசோதனை, கொழுப்பு இலக்கு, ஊறுகாயும் அப்பளமும் எவ்வளவு, காரை எப்போது ஓட்டலாம், வேலைக்கு எப்போது திரும்பலாம், தாம்பத்தியம் எப்போது, இதெல்லாம் அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் தாராளமாகப் பார்ப்பார். பல சமயம் எங்களைவிடப் பொறுமையாக உட்கார்ந்து சொல்லுவார். இருபது நிமிடத்தில் பாதியைக் கணினித் திரையைப் பார்த்தே கழிக்கும் டாக்டர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் சில முடிவுகளை டாக்டரோடு நேரில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். அதில் உங்கள் கணவருக்கு முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் போல, முழு அளவு மாத்திரைகளோடு இருந்தபின், மறுபடியும் எக்கோ எடுப்பார்கள். அப்போதும் பம்பிங் 35ஐத் தாண்டவில்லை என்றால், திடீரென்று இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகாமல் காக்கும் ஐசிடி என்ற கருவியை மார்பில் பொருத்துவது பற்றிப் பேச்சு வரும். அந்த உரையாடலை நர்ஸ் பிராக்டிஷனரோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அதேபோல மறுபடியும் ஆஞ்சியோ, பைபாஸ், வேறு குழாய்களில் மிச்சமிருக்கும் அடைப்பு, காரணம் பிடிபடாத மயக்கம், மாத்திரையை மாற்றியும் விடாத மூச்சு வாங்கல். இவற்றுக்கெல்லாம் "டாக்டர் பார்க்க வேண்டும்" என்று அழுத்திச் சொல்லலாம். டாக்டரைக் கேட்பது எந்தச் சந்திப்பிலும் உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் விரும்பும் தேதியில் கொடுத்தே ஆக வேண்டும் என்று கிளினிக்கைக் கட்டாயப்படுத்த முடியாது.

மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அங்கே யாரும் சொல்லவில்லையோ என்னவோ. மாரடைப்புக்குப் பிறகு கண்காணிப்போடு செய்யும் உடற்பயிற்சி வகுப்பு அது, வழக்கமாக 36 அமர்வு. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மெடிக்கேரில் (முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) 2024 முதல் நர்ஸ் பிராக்டிஷனர்கள் இந்த வகுப்புகளை மேற்பார்வை செய்யலாம், ஆனால் அதற்கு அனுப்பும் உத்தரவில் டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கணவருடையது அலுவலக இன்சூரன்ஸ், விதி வேறாக இருக்கலாம். எதற்கும் டாக்டரின் கையெழுத்தோடே அனுப்பச் சொல்லிவிடுங்கள், பின்னால் அலைச்சல் மிச்சம்.

காசைப் பற்றி

"இன்சூரன்ஸ் கம்பெனி பணம் மிச்சம் பிடிக்கத்தானே நர்ஸிடம் தள்ளுகிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். பணம் ஒரு காரணம் இல்லை என்று சொன்னால் பொய். மெடிக்கேர், டாக்டருக்குத் தரும் கட்டணத்தில் 85 சதவீதத்தை நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தருகிறது. தனியார் இன்சூரன்ஸ் ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆனால் உங்களை அங்கே அனுப்பியது இன்சூரன்ஸ் இல்லை, கிளினிக்கின் டாக்டர் பற்றாக்குறை. உங்கள் கையிலிருந்து போகும் கோபே பெரும்பாலும் குறையாது, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் என்பதால் அதே தொகையைத்தான் வாங்குவார்கள். குறையும் என்று எண்ணிப் போய் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். வேறு குழுவுக்கு மாறுவதாக இருந்தால் அந்த டாக்டர் உங்கள் இன்சூரன்ஸ் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், பட்டியலில் இல்லாதவரிடம் போனால் ஆகும் செலவு இதைவிடப் பெரிய தொகை.

என் ஆலோசனையைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வாரம் நர்ஸ் பிராக்டிஷனர். 11 வாரத் தேதியை விட்டுவிடாதீர்கள். மறு எக்கோ வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான், முடிந்தால் எக்கோவை அதற்கு முந்தைய வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை மாத்திரை அளவு கூட்டப் போக வேண்டியிருக்கும், அதையும் அதே நர்ஸ் பிராக்டிஷனரிடமே வைத்துக்கொண்டால் நல்லது. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். முதல் சந்திப்பில் நான் மேலே சொன்ன கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், மூச்சு வாங்குகிறது என்று சொல்லியும் ஈசிஜி எடுக்காமல் அனுப்பினால், யோசிக்காமல் வேறு குழுவைத் தேடுங்கள்.

போகும்போது எல்லா மாத்திரை டப்பாக்களையும் எடுத்துப் போங்கள், ஊரிலிருந்து வந்த சூரணம் கஷாயம் இருந்தால் அதையும் சேர்த்து. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் பார்த்த எடை, காலை மாலை பிபி இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு எப்போது வாங்குகிறது, மாத்திரை போட்ட சிறிது நேரத்திலா, மாடி ஏறினாலா, படுத்தாலா என்பதையும் குறித்துவையுங்கள். பேசுவதை உங்கள் கணவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பின்னால் உட்கார வேண்டாம். "ஒண்ணுமில்லை, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடும் ஆண்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாகக் கோவைப் பயணம். மூச்சு வாங்குவதற்குக் காரணம் தெரியும்வரை விமானம் ஏற வேண்டாம். அது சரியாகிவிட்டாலும் மறு எக்கோ வரும்வரை தள்ளிப்போடுவதையே நான் விரும்புவேன். கோவையில் நல்ல இதய மருத்துவர்கள் இருக்கிறார்கள், அண்ணன் சொல்வதில் அது நிஜம்தான். ஆனால் ஒரு மாதம் அங்கே, பிறகு இங்கே என்று இரண்டு பேர் மாத்திரையை மாற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் கணக்கு பிடிபடாது. இன்னொரு கருத்து வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஞ்சியோ குறுந்தட்டு, எக்கோ அறிக்கை மூன்றையும் அண்ணனுக்கு அனுப்பி அங்கே ஒருவரிடம் காட்டச் சொல்லலாம். பின்னால் எப்போது கிளம்பினாலும், போய்த் திரும்பும் நாட்களுக்கும் கூடுதலாக இரண்டு வாரத்துக்கும் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம்.